கன்று செத்த கொட்டிலில்தான் ஊசி நுழைகிறது

“ஹார்மோன் ஊசி போட்டுக் கறந்த பால்” என்ற பேச்சு கும்பகோணத்து டீக்கடையில் கிளம்பினால், சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் சுற்றி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கவலையெல்லாம் பாலைக் குடிக்கிற பிள்ளையைப் பற்றியது. பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதே இதனால்தான் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. குத்து வாங்குகிற மாட்டைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை இருக்காது. ஊசியால் நேராகப் பாதிக்கப்படுவது அந்த மாடுதான். அதை முன்னால் வைத்துத்தான் இதைக் கட்டுப்படுத்தும் வழியையும் யோசிக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். கறவை மாட்டுக்குப் போடுகிற “ஹார்மோன் ஊசி” இரண்டு வகை. ஒன்று, மடியில் பால் ஊறுவதையே கூட்டுவது. இன்னொன்று, ஏற்கெனவே ஊறிக் கிடக்கிற பாலை இறக்குவது. முதலாவது வளர்ச்சி ஹார்மோன். பொவைன் சொமட்டோட்ரோபின் என்று பெயர். மாட்டின் பிட்யூட்டரி சுரப்பி தானாகவே சுரப்பதுதான். அதை மரபணு மாற்றிய பாக்டீரியாவில் தயாரித்து, அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனம் ‘போசிலாக்’ என்ற பெயரில் விற்றது. 1993 நவம்பரில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. 1994-இல் விற்பனைக்கு வந்தது. கன்று ஈன்ற ஒன்பதாவது வாரத்தில் தொடங்கி, 14 நாளுக்கு ஒருமுறை, 500 மில்லிகிராம் தோலுக்கடியில் போடுவது. இரண்டாவது ஆக்சிடோசின். காவிரி டெல்டாவில் “ஊசி போட்டுக் கறக்கிறான்” என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அது இந்த இரண்டாவதுதான்.

ஆனாலும் வளர்ச்சி ஹார்மோனின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. மாட்டை மையமாக வைத்து ஒரு தடை எப்படி வந்தது என்பது அதில் இருக்கிறது. கனடாவில் இரண்டு நிபுணர் குழுக்கள் இதைப் பார்த்தன. மனிதர் உடல்நலத்தைப் பார்த்த குழு, பால் குடிப்பவருக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்து தெரியவில்லை என்றது. கால்நடை மருத்துவர்கள் குழு, அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டது. தலையீத்து மாட்டில் பால் 11 சதவீதம் சொச்சமும், பல ஈத்து கண்ட மாட்டில் 15 சதவீதம் சொச்சமும் கூடியது. கூடவே மடிநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கும், சினை பிடிக்காமல் போகும் வாய்ப்பு 40 சதவீதமும், கால் நொண்டும் வாய்ப்பு 50 சதவீதத்துக்கு மேலும் கூடின. 1999 ஜனவரியில் கனடா அனுமதி மறுத்தது. மாட்டின் நலத்தைக் காரணமாகச் சொல்லியே மறுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000 ஜனவரி 1 முதல் நிரந்தரத் தடை போட்டது. அங்கேயும் காரணம் மடிநோய், கால் நோய், ஊசி போட்ட இடத்து வீக்கம். அந்த ஊசி போடும் நாட்டிலிருந்து வருகிற பால் பொருள்களை அந்தத் தடை தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாட்டை வதைக்காதே என்று தன் மண்ணில் ஒரு கோடு போட்டார்கள், அவ்வளவுதான். நம் ஊர்ப் பேச்சு இதற்கு நேர்எதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கிறது.

இனி ஆக்சிடோசினுக்கு வருவோம். கறவை நேரத்தில் மடியில் இருக்கும் பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே இருக்கிற குழியில் தயாராக இருக்கும். மீதி, திராட்சைக் கொத்துப் போன்ற நுண்ணறைகளில் நிற்கும். அதை எவ்வளவு பிசைந்தாலும் இறக்க முடியாது. கன்று முட்டி ஊட்டும்போதோ, கை காம்பைத் தொட்டு நீவும்போதோ, சேதி மூளைக்குப் போகிறது. பிட்யூட்டரி துளியளவு ஆக்சிடோசினை ரத்தத்தில் விடுகிறது. அது மடிக்கு வந்து நுண்ணறைகளைச் சுற்றியிருக்கும் தசை நார்களை இறுக்குகிறது. பால் குபுகுபுவென்று கீழே வருகிறது. இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். இந்தச் சுரப்பு நிற்கும் காலம் ஐந்திலிருந்து ஏழு நிமிடம். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். நடுவில் மாடு மிரண்டால், அடி வாங்கினால், புது ஆள் வந்தால் அட்ரினலின் பாய்ந்து எல்லாவற்றையும் தடுத்துவிடும். “மாடு பாலை அடக்கிக்கிச்சு” என்று நாம் சொல்வது இதைத்தான். மாடு வேண்டுமென்று செய்கிற வீம்பு என்று நினைத்து அடித்தால், அடைப்பு இன்னும் கூடும்.

நாட்டு மாட்டில் இந்தச் சுரப்பு கன்றோடு கட்டுண்டது. டெல்டாவின் சொந்த இனமான உம்பளச்சேரியைப் பாருங்கள். தலைஞாயிறு பக்கத்து ஊரின் பெயரைத் தாங்கிய மாடு. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் வெள்ளை. கன்று செந்நிறமாகப் பிறந்து ஆறேழு மாதத்தில் சாம்பலாக மாறும். சேற்று உழவுக்கென்றே வந்த இனம். பால் ஒரு வேளை வீட்டுக் காபிக்கு ஆகும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கன்று ஊட்டாமல் இது சுரப்பதே அபூர்வம். ஜெர்சி கலப்பு மாடு கன்றில்லாமலும் சுரக்கும் என்பார்கள். சுரக்கும்தான், ஆனால் முதல் நாளிலிருந்தே அப்படிப் பழக்கியிருந்தால். நம் கொட்டில்களில் கன்றை ஊட்டவிட்டு, “இரண்டு காம்பு கன்றுக்கு, இரண்டு காம்பு நமக்கு” என்று கறந்துவிட்டு, இரண்டாவது மாதத்தில் கன்று செத்ததும் அதே மாட்டிடம் கன்றில்லாமல் பால் கேட்கிறோம். ஊசி கொட்டிலுக்குள் வருவது அந்த வாரத்தில்தான்.

அதைக் கிட்டே நின்று பார்த்தால் இப்படி இருக்கும். விடிகாலை நாலரை மணி. கறவைக்காரர் மொபெட்டை நிறுத்துகிறார். அன்றைக்கு அவருக்கு இன்னும் எட்டுப் பத்து வீடு பாக்கி. ஆறரைக்குள் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றியாக வேண்டும். கொட்டில் உத்திரத்தில் செருகி வைத்திருக்கும் சிரிஞ்சு. ஒரு மாதமாக அதே ஊசி, முனை மழுங்கியிருக்கிறது. பக்கத்தில் லேபிள் இல்லாத பிளாஸ்டிக் குப்பி. தண்ணீர் போன்ற மருந்து. தயாரித்தவர் பெயர் இல்லை, தொகுதி எண் இல்லை, ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்பதும் இல்லை. கழுத்திலோ தொடையிலோ ஒரு குத்து. மாடு முதுகை வளைக்கிறது, வாலைத் தூக்குகிறது, சில மாடு கொஞ்சம் சிறுநீர் விடும். ஒரு நிமிடத்தில் மடி பளபளவென்று விறைக்கிறது, காம்பிலிருந்து பால் தானாகவே சொட்டுகிறது. மூன்று நிமிடத்தில் வாளி நிறைகிறது. அடுத்த வீட்டுக்கும் அதே சிரிஞ்சு போகிறது.

அந்த முதுகு வளைவதற்குக் காரணம் இருக்கிறது. ஆக்சிடோசின் மடியை மட்டும் இறுக்குவதில்லை, கருப்பையையும் இறுக்கும். பிரசவத்தில் வலி எடுக்க வைக்கிற மருந்து இது. பால் இறக்க மருத்துவர் கொடுத்தால் அளவு 10 முதல் 20 யூனிட். ஈன்ற பிறகு கருப்பை சுருங்கத்தான் 100 யூனிட் வரை போவார்கள். லேபிளே இல்லாத குப்பியில் எந்த அளவு உள்ளே போகிறது என்று போடுகிறவருக்கும் தெரியாது. அது நாளைக்கு இரண்டு வேளை, மாதக் கணக்கில் போகிறது. சினையாக இருந்தால் கரு கலையும் ஆபத்து. சினை நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும் மாட்டுக்குச் சினை ஊசி மேல் ஊசி என்று செலவழிக்கிறவர்கள், காலையில் கறக்கும்போது போட்ட ஊசியை மருத்துவரிடம் சொல்வதில்லை. குத்திய இடங்கள் கட்டி கட்டியாகத் தடிக்கும், சீழ் பிடிக்கும். மழுங்கிய, கழுவாத ஊசி ஒரு மாட்டின் ரத்தத்தில் வரும் நோயை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்.

எல்லாவற்றையும்விட மோசமானது பழக்கம். தொடர்ந்து வெளியிலிருந்து போட்டால், மாட்டின் உடம்பு தானாகச் சுரக்கும் ஆக்சிடோசினுக்கு மடி சரியாக இளகாமல் போகிறது. ஊசி இல்லாத வேளையில் பால் உள்ளேயே நிற்கும். நிற்கும் பால் மடிநோய்க்கு விளைநிலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சேறும் சாணமுமாக இருக்கும் கொட்டிலில் இது கேட்கவே வேண்டாம்.

குடிப்பவர் பயத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். ஆக்சிடோசின் ஒன்பது அமினோ அமிலம் கோத்த சின்னத் துணுக்கு. ரத்தத்தில் சில நிமிடத்தில் உடையும். வயிற்றுக்குள் போனால் மற்றப் புரதம் போலச் செரித்துவிடும். பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்கு இதைக் காரணமாகக் காட்ட ஆதாரம் இல்லை. ஆனால் ஊசியால் வந்த மடிநோய்க்குக் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக் பாலில் கலக்கும். அது கவலைப்பட வேண்டிய விஷயம். மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் பாலை எடுக்கக் கூடாது என்ற காத்திருப்புக் காலம் மருந்தில் எழுதியிருக்கும். எழுதியிருக்காவிட்டால் பாலுக்குக் குறைந்தது 7 நாள் என்பது மருந்து விதி. அந்த நாள்களின் பாலைச் சங்கத்துக்கு ஊற்றாமல் கொட்டுகிற வீடு எத்தனை இருக்கும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-வது பிரிவு, பால் கூட்டுவதற்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் எந்தச் செயலையும், ‘எந்தப் பொருளை ஊசியாகச் செலுத்துவதையும்’ சேர்த்தே, குற்றம் என்கிறது. செய்தவருக்கும், செய்ய விட்டவருக்கும் 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம். மருந்துச் சட்டத்தில் ஆக்சிடோசின் அட்டவணை எச் மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. இவ்வளவும் இருந்தும் ஏன் நடக்கிறது என்றால், அதே 12-வது பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது: அந்த மாடு அரசுக்குப் பறிமுதல். ஒற்றை மாட்டை நம்பிப் பிழைக்கும் வீட்டின் மாட்டைப் பிடித்துக்கொண்டு போக வைக்கும் புகாரை நம் தெருவில் எந்த அக்கம்பக்கத்தார் கொடுப்பார்? தண்டனை விழ வேண்டிய இடம் குப்பி விற்றவன் தலை. அது மாடு வைத்திருக்கும் ஏழையின் கயிற்றில் வந்து விழுகிறது. இந்த வரி மாற வேண்டும்: முதல் தடவை மாட்டைக் கால்நடை மருத்துவர் கண்காணிப்பில் அதே கொட்டிலில் வைத்து ஊசிப் பழக்கத்திலிருந்து மீட்க வேண்டும், குப்பியின் வழியைப் பிடித்து மருந்து ஆய்வாளர் மேலே மேலே போக வேண்டும்.

மேலேயிருந்து முரட்டுத்தனமாக அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2018 ஏப்ரலில் மத்திய அரசு தனியார் யாரும் உள்நாட்டுக்கு ஆக்சிடோசின் தயாரிக்கக் கூடாது என்று ஆணை போட்டது. பொதுத்துறை நிறுவனம் ஒன்று மட்டுமே தயாரிக்கலாம் என்றது. இதே மருந்துதான் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கில் போகிற தாயைக் காப்பாற்றுவது. ஒரே இடத்தை நம்பி எல்லா ஆஸ்பத்திரியும் நிற்க முடியாது. 2018 டிசம்பர் 14 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. கொட்டிலில் புழங்கும் லேபிள் இல்லாத குப்பி உரிமம் வாங்கிய தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை. அதை மூடுவதற்குத் தொழிற்சாலையைப் பூட்டிப் பயனும் இல்லை.

ஊசிக்கான ஆசை எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் வேலை கிராமத்தில்தான் இருக்கிறது. கணக்கு எளிது. பிறந்த கலப்பினக் கன்று 20, 25 கிலோ இருக்கும். முதல் மாதம் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் அதற்கு வேண்டும். நாளைக்கு 2 லிட்டருக்குக் குறையாது. 2023 டிசம்பரில் சங்கத்தின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 38 ரூபாய் ஆனது. ஆக ஒரு நாளைக்கு 76 ரூபாய்ப் பால். காளைக்கன்றாக இருந்தால், உழவுக்கும் வேண்டாம், விற்றாலும் விலை இல்லை என்று அந்த 76 ரூபாயை மிச்சம் பிடிக்கிறார்கள். வாய்க்கு ஒரு இழுப்பு மட்டும் விட்டுக் கட்டிப் போடுகிறார்கள். கன்று மெலிந்து சாகிறது. அப்புறம் தாய் பாலை அடக்குகிறது, அப்புறம் குப்பி வருகிறது. பெண் கன்று மட்டும் பிறக்கப் பிரித்த விந்துக்குழாயில் பத்தில் ஒன்பது கிடேரி என்கிறார்கள். கிடைக்கும் ஊரில் போடலாம். ஆனால் பிறந்துவிட்ட காளைக்கன்றுக்கும் வயிறு உண்டு.

பட்டினி இல்லாமலேயே சாகும் கன்றும் நிறைய. அதற்குப் பெரும் காரணம் உருளைப்புழு. தாய்ப்பால் வழியாகவே கன்றுக்குள் வந்துவிடும். வயிறு பானை போல, மயிர் சிலிர்த்து, சேறு நிறத்தில் நாறும் கழிச்சல். முதல் குடற்புழு மருந்து பிறந்த 10 முதல் 14-வது நாளுக்குள் போக வேண்டும்; பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. பிறந்ததும் தொப்புள்கொடியை இரண்டு அங்குலம் விட்டு வெட்டி டிங்சர் அயோடின் தொட வேண்டும். சீம்பால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள். “நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் ஊட்டலாம்” என்பது இன்னும் பல வீட்டில் இருக்கிற வழக்கம். கன்றைக் கொல்கிற வழக்கம். நேரம் போகப் போகச் சீம்பாலின் எதிர்ப்பாற்றலைக் குடல் உறிஞ்சும் திறன் குறைந்து, ஒரு நாளில் நின்றே போகும். கன்று ஊட்டுவதே கொடி விழவும் உதவும்.

சங்கத்து டெஸ்டர் கொழுப்பு குறைகிறது என்று விலையைக் குறைப்பதும் ஊசிக்கு ஒரு தூண்டுதல். கடைசியில் இறங்கும் பாலில்தான் கொழுப்பு மிகுதி. மாடு அடக்கிக்கொண்டால் அந்தக் கடைசிப் பால் உள்ளே நின்றுவிடும். வாளியில் வருவது தண்ணீர்ப் பால். ஊசி போட்டால் கொழுப்பு ஏறுகிறது என்று சொல்வதன் சூட்சுமம் இதுதான், மருந்து கொழுப்பை உண்டாக்குவதில்லை. கன்றை முதலில் ஊட்டவிட்டு, கடைசிப் பாலை முழுசாகக் கறந்துவிட்டு, கன்றின் பங்கைப் புட்டியில் கொடுக்கும் வீட்டில் ஊசியில்லாமலே கொழுப்பு ஏறும்.

தீவனமும் சேர்ந்துதான். புரட்டாசியிலிருந்து தை வரை வயலெல்லாம் சம்பா. மேய இடம் கிடையாது. வரப்புப் புல்லும் வைக்கோலும்தான். பால் குறையும், ஊசி தேடுவார்கள். ஊறாத பாலை எந்த ஊசியும் இறக்காது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் மூடி 21 நாள் வைத்தால் அந்த வைக்கோலே செரிக்கும் தீவனமாகும். கட்டியாக யூரியா நின்றால் மாட்டைக் கொல்லும். பிரித்து ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கூடாது. அடர்தீவனம் உடம்புக்கு ஒரு கிலோ, பிறகு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. தாது உப்பு 30 முதல் 50 கிராம். வாய்க்கால் கரையில் நாலு குழி கோ-4 புல் வைத்தவர்களுக்கு அடைமழையில் அது கை கொடுக்கும்.

பாலை அடக்கும் மாட்டுக்கு ஊசியைத் தேடும் முன் காம்பைப் பார்க்க வேண்டும். வெடிப்பு இருக்கிறதா, மடியில் சூடு இருக்கிறதா, கறப்பவர் நகம் வளர்ந்திருக்கிறதா, கட்டைவிரலை மடக்கி முட்டியால் இழுக்கிறாரா. முழுக்கையால் பிடித்துக் கறக்கும் ஆள் வந்ததும் இளகிய மாடு உண்டு. ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணி மேல் விட்டால் மடிநோய் இருந்தால் பால் திரிதிரியாக இருப்பது தெரியும். தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மருத்துவ மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மடிநோய் மருந்து டெல்டாவில் பலருக்கும் தெரியும்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், அரைத்துச் சிவந்த விழுதாக எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிக் கறந்த பிறகு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள் பூச வேண்டும். காய்ச்சலோ மடி கல்லாகிப்போவதோ இருந்தால் இதோடு நிற்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழைக்க வேண்டும்.

ஏற்கெனவே ஊசிக்குப் பழகிய மாட்டை ஒரே நாளில் நிறுத்தினால் மடி கட்டிக்கொள்ளும். மருத்துவரை வைத்துக்கொண்டு, லேபிள் உள்ள மருந்தில், அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். கூடவே அதே நேரம், அதே ஆள், அதே குரல். முன்னால் தவிடும் புண்ணாக்கும், மடிக்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு நிமிடம் நீவல், பிறகுதான் வாளி. சில மாடு அந்த ஈத்தில் திரும்பாது. அதைத் திட்டாமல் பால் வற்றவிட்டு, அடுத்த ஈத்துக்குக் காத்திருக்கலாம். கன்று பிறந்த அரை மணிக்குள் மடியில் விட வேண்டும்; உத்திரத்தில் செருகிய சிரிஞ்சை அதற்கு முன்பே எடுத்து உடைத்துப் புதைத்திருக்க வேண்டும்.